முந்திரி தின்ற ரேகை

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பங்குனி வெயில், மதியம் மூன்று மணி, ஷாமியானாவுக்குள் காற்று நின்றுபோயிருந்தது. கழுத்தை அறுக்கும் ஜரிகையோடு ஒரு பாலியஸ்டர் துணியைப் போர்த்திவிட்டு, "கஷ்டத்தையே படிக்கட்டாக்கி ஏறின நம்ம மாவட்டத்து மாணிக்கம்" என்றார் தாளாளர். பள்ளியின் பெயரை எழுதமாட்டேன், அவருக்கு விளம்பரமாகிவிடும். அரியலூரைப் பெரம்பலூரோடு சேர்ப்பதும் பிரிப்பதுமாக விளையாடியதில் நான் எந்த மாவட்டத்து மாணிக்கம் என்று எனக்கே குழப்பம்.

நான் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் என்ஜினீயர். வந்த வேலை வேறு. ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாரிசு நாங்கள் இருவர்தான், அக்கா வளர்மதியும் நானும். மாமா இறந்த பிறகு அக்கா அந்த வீட்டில்தான் தனியாக இருக்கிறாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். என் பாதியை அக்கா பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் ஐந்து நாள் லீவு. மேலதிகாரி ஒரு பாலஸ்தீனக்காரர். "வீட்டைக் கொடுப்பதற்கா லீவு? எங்கள் ஊரில் வீட்டைக் காப்பாற்றத்தான் லீவு கேட்பார்கள்" என்று அரபியில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு நடுவில் இந்தப் பொன்னாடை எதற்கு என்று கேட்கலாம். கூப்பிட்டார்கள், போனேன். உண்மையைச் சொன்னால், கூப்பிட்டால் போகக்கூடிய ஆள்தான் நான். மஸ்கட்டில் நம் ஆட்கள் கூடுகிற விழாக்களிலும் வருடத்துக்கு இரண்டு முறை "நான் கடந்து வந்த பாதை" என்று பேசுவேன். கை தட்டுவார்கள். பேசிப் பேசி அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

பிள்ளைகள் ஒன்றரை மணி நேரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கெல்லாம் கஷ்டம்னா என்னான்னே தெரியல. அதனாலதான் மார்க்கு வரமாட்டேங்குது" என்றார். முன்வரிசையில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போக, ஓர் ஆசிரியை கண்ணை உருட்டினார், பாட்டில் மூடிக்கொண்டது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க விடாமல் உட்காரவைத்துக்கொண்டு கஷ்டம் தெரியவில்லை என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேடையில் உட்கார்ந்து தலையாட்டினேன். பிறகு எழுந்து நாற்பது நிமிடம் பேசினேன். முந்திரி உடைத்தது, தெருவிளக்கில் படித்தது, ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டது எல்லாம். நல்ல கைதட்டல்.

பிறகு தாளாளரின் ஏசி அறையில் பிரியாணி. மேலே ஒரு கை முந்திரியை வறுத்துத் தூவியிருந்தார்கள். நான் முந்திரியைத் தின்பதில்லை, ஒதுக்கி வைத்தேன். "கொழுப்புக்காகவா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மக்காச்சோளம் அறுத்த காடு, சின்ன வெங்காயம் சேர்த்துவைத்த பட்டறை, பஞ்செடுத்த பிறகு காய்ந்து நிற்கும் பருத்தி மார். கொஞ்ச தூரம் போனதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஆரம்பித்துவிட்டன. ஒன்றன் பின்னால் ஒன்றாக, தார்ப்பாய் போட்டதும் போடாததுமாக. ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாம் வெள்ளையடித்துக்கொண்டு நின்றன. மஸ்கட்டிலும் கல் உடைக்கிறார்கள். அங்கே லாரிக்கு மூடி போடாமல் ரோட்டுக்கு வந்தால் அபராதம் போட்டே ஆளை ஒழித்துவிடுவார்கள். இங்கே ஊரே மூச்சில் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. எங்கள் அப்பாவின் காலை நசுக்கியது இதே மாதிரி ஒரு லாரிதான். அப்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அக்காவுக்குப் பதின்மூன்று.

வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அக்கா வாசலில் நின்றாள். "பஸ்ஸு கெடைச்சுதா? மூஞ்சியெல்லாம் மாவு பூசுனாப்புல இருக்கு, கழுவிட்டு வா" என்றாள். கருவாட்டுக் குழம்பு, சோறு, சுட்ட அப்பளம். தாளாளர் பிரியாணியைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று சொன்னேன். "யாரு ஒனக்குப் பிரியாணி போட்டது?" என்று கேட்டாள். விழாவைப் பற்றிச் சொன்னேன். எதைப் பற்றிப் பேசினேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பத்திர ஆபீஸ். எந்த ஊர் ஆபீஸ் என்பது வேண்டாம். பத்திரம் எழுதுகிற தனபால் எதிர்ப்புறம் ஒரு கடையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் தயாராக வைத்திருந்தார். டோக்கன் எண் கூப்பிட்டார்கள். முதலில் நான். கட்டைவிரலைக் கருவியில் வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது, முடிந்துவிட்டது. அடுத்தது அக்கா.

சிவப்பு விளக்கு. விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. கருவிக்குப் பின்னால் இருந்த இளைஞர், "தலையில தேய்ச்சுட்டு வைங்கம்மா, எண்ணெப் பசை இருந்தா எடுக்கும்" என்றார். தேய்த்துவிட்டு வைத்தாள். சிவப்பு. ஈரத்துணி கொடுத்தார்கள், அதற்கும் சிவப்பு. இடது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று பத்து விரலும் ஒரு சுற்று வந்தது. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் விபூதி தடவச் சொன்னார்.

"ஒங்களுக்கு ரேகையே இல்லையேம்மா. என்னா வேல பாத்தீங்க?" என்று கேட்டார் இளைஞர்.

"முந்திரி ஒடைச்சேன்."

"இப்ப ஒடைக்கிறதில்லல்ல?"

"இப்பவுந்தான் ஒடைக்கிறேன்."

முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்து, கறுத்து, உரியும். விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். சாம்பல் எவ்வளவுதான் காப்பாற்றும்? நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டையால் தட்டித் தோட்டைப் பிளந்து, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். உரிந்த தோல் வளர்வதற்குள் மறுபடி உரிந்துவிடும். முப்பத்தைந்து வருடம் இப்படி உரிந்தால் ரேகை எங்கே இருக்கும்? அக்காவின் விரல் நுனி வழவழவென்று, ஒரு கோடும் இல்லாமல் இருந்தது. அந்தக் கையால்தான் முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க நீங்கதான்னு மிஷின் சொல்லணும்மா. ஆதார்ல போயி அப்டேட் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. அவள் யார் என்று நான் சொல்கிறேன், சாட்சிகள் இருவர் சொல்கிறார்கள், ஊரே சொல்லும், இந்த டப்பா சொன்னால்தான் அவள் வளர்மதியா என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் வந்துவிடும், அங்கே இருந்து பழகிய கெட்ட பழக்கம். இளைஞர் நிமிர்ந்து பார்த்து, "சார், தமிழ்லயே திட்டுங்க, பரவால்ல" என்றார். வரிசையில் சிரித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "ரேஷன் கடையிலயும் இதே கததான். மூணு மாசமா பேர எடுத்துடுவோம் பேர எடுத்துடுவோம்னு சொல்லிக்கிட்டு இருக்கான்" என்றாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அங்கேருந்து ஒன் வெரல அனுப்புவியா?" என்றாள்.

சனிக்கிழமை அரியலூருக்குக் கிளம்பினோம், ஆதார் மையத்துக்கு. ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறினோம். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகும் கூட்டம் பஸ்ஸை அடைத்திருந்தது. ஒருவர் மடியில் நெல் மூட்டை, இன்னொருவர் கையில் மஞ்சள் துணி கட்டிய செம்பு. கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, பெருமாள் எங்கயும் ஓடிட மாட்டாரு" என்று தள்ளிக்கொண்டே வந்தார். அக்காவுக்கு இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் ஒரு வடநாட்டுப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும், சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவன். நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி குடைசாய்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்தார். ஜே.சி.பி. வர வேண்டும், ஒரு மணி நேரமாகும் என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அக்காவின் போனில் ஏதோ வந்து விழுந்தது. திருப்பூரிலிருந்து மகள் அனுப்பியிருந்தாள், 'மாமா பேச்சு சூப்பர்' என்று. பள்ளிக்கூடத்தில் என் பேச்சை வெட்டி ஒட்டி, பின்னால் இசை போட்டு, வாட்ஸப்பில் விட்டிருக்கிறார்கள்.

அக்கா அதைப் போட்டாள். போன் சத்தத்தைக் குறைக்க அவளுக்குத் தெரியாது. பஸ் முழுக்க என் குரல். "முந்திரி உடைத்து உடைத்து இந்தக் கை வெந்தது. வெந்த கையால்தான் பேனாவைப் பிடித்தேன். வறுமை என்னைச் செதுக்கியது" என்றது அந்தக் குரல். நெல் மூட்டைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்கா முழுவதும் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நீ எப்படா ஒடைச்ச?"

"உடைச்சேன்ல அக்கா. லீவுல."

"ரெண்டு லீவு. அதுவும் மத்தியானம் வரைக்கும். அப்பறம் கோலி வெளையாட ஓடிடுவ. கையக் காட்டு."

காட்டவில்லை. அவளே பிடித்து விரித்தாள். அவள் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்துப் பையனும் குனிந்து பார்த்தான்.

"எம் பேரச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டா. நாப்பது நிமிசம் பேசுனியாமே. எங்க அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு ஒரு வார்த்த வரல. கஷ்டப்பட்டது நானு, அத மேடையில வித்துக்கிட்டு இருக்கறது நீயா?"

அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வெட்டி ஒட்டியதில் விட்டுப்போயிருக்கும் என்று ஒரு பொய் நாக்கு வரை வந்தது. விட்டுப்போகவில்லை. இருபது வருடமாகப் பேசுகிற பேச்சில் அக்கா எங்கேயும் இல்லை. அவளைச் சேர்த்தால் கதை என் கதையாக இருக்காது, கைதட்டல் பாதியாகிவிடும். இதை நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்த பஸ்ஸில் தாளாளர் மேலும், கருவி மேலும், லாரி மேலும் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. ஓடிப்போக வழியில்லை, கதவுக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வடநாட்டுப் பையன் என் பக்கம் திரும்பினான். எனக்கு இந்தி தெரியும் என்று முன்னால் நான் மஸ்கட்டுக்குப் போன் பேசும்போது கவனித்திருக்கிறான். "இவங்க விரல் மிஷின்ல விழலையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தன் கையை விரித்தான். சிமெண்ட் தின்ற கை, வெடித்து வெள்ளை பூத்திருந்தது. "எனக்கும் விழாது. எங்க ஊர்ல ரேஷன் கொடுக்கல. அப்புறம் கண்ணை வச்சுப் பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன். கண்ணுக்கும் மிஷின் இருக்கு. கேட்டாத்தான் எடுப்பாங்க, கேக்காட்டி பீரோவுல பூட்டி வச்சிருப்பாங்க" என்றான். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் அவனைப் பார்த்து, "சாப்புட்டியாப்பா?" என்று கேட்டுப் பையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவனுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அரியலூர் மையத்தில் இரண்டு மணி நேர வரிசை. கடைசியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. அக்காவின் விரல்களை ஒன்றொன்றாக வைத்துப் பார்த்து, "இது வராதும்மா, எத்தன தடவ எடுத்தாலும் வராது" என்றாள். பிறகு கண்ணைப் பார்த்தாள். "கண்ணு ரெண்டும் ஜோரா இருக்கு. ஏற்கெனவே பதிஞ்சதோட ஒத்துப்போவுது. பத்திர ஆபீஸ்ல கண்ணு மிஷின் இருக்கும், அத எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னு சொன்னா விடாதீங்க" என்றாள். பஸ்ஸில் கேட்ட அதே சேதி. மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரிந்தது, விரலைத் தலையில் தேய்க்கச் சொன்னவருக்குத் தெரியவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்தாள். கோபத்திலும் அவளால் சமைக்காமல் இருக்க முடியாது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தனபால் கொடுத்த பத்திர நகலை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து படிக்க உட்கார்ந்தாள். வேகமாகப் படித்தாள். என் மனைவி, எம்.காம். படித்தவள், இந்த மாதிரி பத்திரத் தமிழைப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே மடித்து வைத்துவிடுவாள்.

"'தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பாசத்தினாலும், பிரதிபலன் ஏதும் பெறாமல்'னு போட்டிருக்கே, பிரதிபலன்னா பதிலுக்கு வாங்கறதுதான?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீ பதிலுக்கு ஒண்ணும் வாங்கலயா எங்கிட்ட?"

அது வழக்கமாக எழுதுகிற வாசகம், எல்லாப் பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"எல்லாப் பத்திரத்துலயும் இருக்கட்டும். எம் பத்திரத்துல வேணாம். அன்புல குடுக்கறியாம். நாளைக்கு எம் மவ படிப்பா, அவ புள்ள படிக்கும். மாமா பெரிய மனசு பண்ணிக் குடுத்தாருன்னு சொல்லும். மாத்திக் குடு, இல்லன்னா எனக்கு இந்த வூடு வேணாம். பாதி ஒன்னுது, வந்து இருந்துக்க."

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். மிரட்டவில்லை. தனி மனுஷி, வயது ஐம்பதை நெருங்குகிறது, வேறு போக்கிடம் கிடையாது. அந்த ஒரு வரிக்காக வீட்டை வேண்டாம் என்பாள் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். மறுபடி லீவு கிடைக்க ஒரு வருடமாகும்.

தனபாலுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவர் எரிந்து விழுந்தார். "சார், இருவது வருசமா எழுதறேன், ஒருத்தரும் இந்த வரிய மாத்தச் சொன்னதில்ல. நாளைக்கு வாங்க, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றோம். பிரதிபலன் என்பதை எடுத்துவிட்டு 'பணம் ஏதும் பெறாமல்' என்று போடுவதற்குத் தனபால் ஒத்துக்கொண்டார். "பணம் வாங்கல, அது நெசந்தான்" என்றாள் அக்கா. அடுத்தது அன்பும் பாசமும். அதற்குப் பதிலாக என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார். நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நல்ல வாசகம் என்று எனக்கே ஒரு பெருமை. "என் சகோதரி எனக்காகச் செய்த தியாகத்தைக் கருதி" என்று சொன்னேன். தனபால் தலையை ஆட்டி, "அருமையா இருக்கு சார்" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

"என்னாம்மா?"

"தியாகம்லாம் வேணாம். தியாகம்னா நானா மனசு வந்து குடுத்திருக்கணும். என்ன யாரு கேட்டீங்க? அப்பா கால் போச்சு, ஆம்பளப் புள்ள படிக்கட்டும்னு அம்மா சொல்லிச்சு. மறுநா எம் பள்ளிக்கூடப் பைய எடுத்துப் பரண்மேல போட்டாங்க. நான் அழுதேன், அடிச்சாங்க. இவன் பாத்துக்கிட்டுத்தான் நின்னான். இதுக்குப் பேரு தியாகமா?"

எனக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. அடித்தது நினைவில்லையா, நினைவில் வைத்துக்கொள்ளவில்லையா? கஷ்டத்தில் பாடம் கற்றுக்கொண்டேன் என்று ஊர் ஊராகச் சொன்னேனே, பாடம் கற்ற ஆள் இதை எப்படி மறப்பான்? மேடையில் எவனாவது இனிமேல் கஷ்டம் மனிதனைச் செதுக்கும் என்று சொன்னால், யாருடைய கஷ்டம் யாரைச் செதுக்கியது என்று கேட்காமல் விடமாட்டேன். முதலில் என்னைக் கேட்க வேண்டும்.

தனபால் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "நீங்களே சொல்லுங்கம்மா, எழுதறேன்" என்றார். அக்கா சொன்னாள், அவர் பத்திரத் தமிழில் மாற்றினார். அவள் படித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் திருத்தினாள். அச்செடுத்தார்.

ஆபீஸில் அதே இளைஞர். கண் பார்க்கும் கருவியை எடுங்கள் என்றேன். "அது வேல செய்யாது சார்" என்றார். ஓட்டிப் பார்த்தீர்களா என்று இந்த முறை தமிழிலேயே கேட்டேன். உள்ளேயிருந்து சார்பதிவாளர் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன சத்தம்? எடுத்துத்தான் பாருங்களேன்" என்றார். பீரோவைத் திறந்தார்கள். பெட்டிக்குள், ஒட்டிய பிளாஸ்டிக் கூடக் கிழிக்காமல், கருவி புத்தம் புதிதாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், எத்தனை கூலி நாள் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அக்கா அதற்குள் பார்த்தாள். ஒருமுறை கண்ணை இமைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

பத்திரம் சார்பதிவாளர் மேசைக்குப் போனது. அந்த அம்மா வழக்கம்போலப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றுவிட்டார். சத்தமாகப் படித்தார். "'எழுதிக் கொடுப்பவராகிய நான் படிக்க வேண்டும் என்பதற்காக, எழுதி வாங்குபவராகிய என் அக்காவின் படிப்பு, அவர் சம்மதம் கேட்கப்படாமல், எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. அவர் முந்திரி உடைத்த கூலியில் நான் படித்தேன். அந்தக் காரணத்தால்...' இது என்னங்க? சொத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தனபால் என்னைப் பார்த்தார். அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளும் என்னையே பார்த்தாள்.

"எழுதிக் குடுக்கறவர் நீங்கதான? நீங்கதான் சொல்லணும். இதுல இருக்கறது உண்மையா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

பெரம்பலூரில் மைக் வைத்து நாற்பது நிமிடம் பேசியவன். இங்கே சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. இரண்டாவது தடவைதான் சொல்ல முடிந்தது.

"உண்மைதாங்க."

"சத்தமா சொல்லுங்க, சாட்சிக்குக் கேக்கணும்."

"உண்மைதாங்க மேடம். நான் படிச்சது எங்க அக்கா படிப்பு."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பத்திரத்தை அக்கா பக்கம் தள்ளி, "கையெழுத்துப் போடுவீங்களா, கைநாட்டாம்மா?" என்று கேட்டார்.

அக்கா பேனாவை வாங்கினாள். முழுப் பெயரையும் எழுதினாள், முத்து முத்தாக. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"எட்டாவதுல நாந்தாங்க கிளாஸ்ல பஸ்ட்டு" என்றாள் அந்த அம்மாவிடம். "அத எழுத மறந்துட்டோம்."

எனக்கு அது அதுவரை தெரியாது.